கையெழுத்தை விற்கலாமா?

1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன்னால் தொடங்கிய சத்தியாக்கிரகம், ஏப்ரல் நடுப்பகுதியில் புதியதொரு வேலையில் இறங்கியது. ஏப்ரல் 14ஆம் திகதி தமிழரசுக் கட்சி தன் சொந்தத் தபால் சேவையைத் தொடங்கிற்று. முத்திரை அச்சாகியிருந்தது, உறையும் தபாலட்டையும் விற்பனைக்கு இருந்தன, தபால் அதிபரின் இடத்தில் கட்சியின் மூத்த தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம் இருந்தார். சனம் திரண்டு வந்து வாங்கியது. மூன்று நாளில் அவசரகாலச் சட்டம் வந்தது. தலைவர்கள் கைதாகிப் பனாகொடை முகாமுக்குப் போனார்கள். தபால் சேவை நின்றது. வாங்கியவர்களின் வீடுகளில் உறையும் முத்திரையும் தங்கிவிட்டன.

அந்த உறைகளைத் தேடி வாங்குவோர் இன்று உண்டு. முத்திரை சேர்ப்போர், கையெழுத்துச் சேர்ப்போர், பழைய ஆவணங்களை வாங்கி விற்போர் என்று உலகமெங்கும் ஒரு வணிகம் நடக்கிறது. ஆசியத் தலைவர்களின் காகிதங்களுக்கு அதில் தனி மவுசு. ஜப்பானுக்கு எதிராக உதவி கேட்டு 1937இல் பிரித்தானியத் தொழிற்கட்சித் தலைவர் கிளமென்ட் அட்லிக்கு மா சே துங் ஒப்பமிட்டு அனுப்பிய ஒரு கடிதம், 2015 டிசெம்பரில் லண்டன் சொதபி ஏலத்தில் 6,05,000 பவுணுக்குப் போனது. யாழ்ப்பாணத்துக் காகிதங்கள் அந்த விலைக்குப் போவதில்லை. ஆனால் ஐயாயிரம் ரூபாவுக்கு விற்றாலும் ஐந்து கோடிக்கு விற்றாலும் எழும் அறக்கேள்வி ஒன்றுதான்.

அச்சுவேலியில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் ஒரு காலத்தில் கிராமசபையில் இருந்தவர். இப்போது உயிரோடு இல்லை. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். வீட்டில் இருப்பது அவருடைய வயதான மனைவி. அலுமாரியின் அடித்தட்டில், காணி உறுதிகளின் பிரதிகளுக்கு நடுவே, ஒரு கோப்பு. அதற்குள் பாராளுமன்றத் தாளில் தட்டச்சு செய்த நாலு வரிக் கடிதம். கீழே, எம்.பி.யாக இருந்த ஒரு தலைவரின், கருநீலமாய் இருந்து பழுப்பேறிப்போன ஒப்பம். கடிதத்தின் பின்னால், துருப்பிடித்த குண்டூசியில் குத்தியபடி, அந்தக் கடிதத்துக்குக் காரணமான மனுவின் கார்பன் பிரதி: கிணறு திருத்தவோ, ஒழுங்கைக்குக் கல் போடவோ, ஊரார் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கேட்டது. கூடவே ஒரு திருமண வாழ்த்துத் தந்தி, 61ஆம் ஆண்டு உறை ஒன்று. கொழும்பிலிருந்து ஒருவர் வருகிறார். ஒப்பமிருக்கும் தாளையும் உறையையும் எடுத்து வைக்கிறார். மனுவின் பிரதி அவருக்கு வேண்டாம். கைமேல் காசு தருகிறேன் என்கிறார். அந்த அம்மா கொடுக்கலாமா?

கூடாது என்று உடனே சொல்வோர் ஊரில் நிறையப்பேர். தலைவரின் கையெழுத்தை விற்பது தலைவரையே விற்பதுபோல அவர்களுக்குப் படுகிறது. அந்த உணர்ச்சியில் உண்மையான மரியாதை இருக்கிறது. ஆனால் தலைவர்களே அதற்கு மாறாகத்தான் நடந்திருக்கிறார்கள். 1927 நவம்பர் இறுதியில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸின் அழைப்பில் இங்கே வந்த காந்தி, கதர் நிதி திரட்டவே வந்தார். தனக்குப் படித்துக் கொடுக்கும் வரவேற்புப் பத்திரங்களையும் அவற்றை வைத்துத் தரும் பேழைகளையும் மேடையிலேயே ஏலம் போட்டுக் காசாக்குவது அவர் வழக்கம். பிற்காலத்தில் ஹரிஜன நிதிக்காக ஒரு கையெழுத்துக்கு ஐந்து ரூபா வாங்கினார். காசு வைக்காதவருக்குக் கையெழுத்தில்லை. பெரியாரும் அப்படித்தான். கையெழுத்துக்கு ஒரு தொகை, படம் எடுத்துக்கொள்ள ஒரு தொகை, குழந்தைக்குப் பெயர் வைக்க ஒரு தொகை என்று வாங்கி இயக்கத்தின் கணக்கில் சேர்த்தார். தங்கள் கையெழுத்துக்கு விலை உண்டென்று அந்த இருவருக்கும் தெரியும். அந்த விலை எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதில்தான் அவர்கள் கண்ணாக இருந்தார்கள். ஆகவே, காசு கைமாறியதாலேயே ஒரு கையெழுத்து மாசுபட்டுவிடாது. ஐந்து ரூபா கொடுத்து வாங்கிய கையெழுத்தை வாங்கியவரின் பேரன் ஐந்து லட்சத்துக்கு விற்றால், அது அவருடைய பொருள், அவருடைய விருப்பம். 61ஆம் ஆண்டின் உறையும் அப்படியே. அது விற்பதற்காகவே அச்சடிக்கப்பட்டது. ஒரே அச்சில் பல ஆயிரம். ஒன்று ரொறன்ரோவுக்குப் போனால் ஊருக்கு நட்டமில்லை.

கடிதம் வேறு வகை. அது விற்பனைக்காக எழுதப்பட்டதன்று. ஒருவர் ஒரு தேவையோடு எழுதினார், இன்னொருவர் அதற்கு விடை எழுதினார். அந்தத் தாளில் ஒப்பம் ஒரு மூலையில் மட்டுமே இருக்கிறது; மிச்சமெல்லாம் ஊரின் சங்கதி. வாங்க வருபவருக்கு மூலைதான் வேண்டும். ஊருக்கு வேண்டியது மிச்சம். இந்த இரண்டு தேவைகளும் ஒரே தாளில் கிடப்பதால்தான் சிக்கல் வருகிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் விற்கலாம், விற்கக்கூடாது என்று பொதுப்படத் தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை.

தீர்ப்புச் சொல்லுமுன், அந்தக் காகிதத்தை இதுவரை காத்தது யார் என்பதையும் நினைக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தம்பிமுத்துப்பிள்ளையின் அச்சியந்திரசாலை ஓடிக்கொண்டிருந்த ஊர் அச்சுவேலி; எழுத்தும் அச்சும் அங்கே புதிதல்ல. அப்படிப்பட்ட ஊரில் எவ்வளவு காகிதம் இருந்திருக்கும், எவ்வளவு போயிருக்கும் என்று எண்ணினால் வயிறு எரியும். 1995 ஒக்ரோபரில் பலாலியிலிருந்து புறப்பட்ட படை நடவடிக்கை இந்த ஊரையும் ஊடறுத்துத்தான் வலிகாமத்துக்குள் இறங்கியது. மாத முடிவில் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பியவர்களில் பலர் கதவும் யன்னலும் கூரையும் இல்லாத வீட்டுக்குத்தான் திரும்பினார்கள். பக்கத்து வளலாயில் காணி விடுபட்டது 2015 மார்ச்சில். அதற்கு முன்னும் பின்னும் சுற்றிவளைப்பு, தேடுதல், பயங்கரவாதத் தடைச் சட்டம். எந்தத் தாளில் எவருடைய பெயர் இருந்தால் ஆபத்து என்று தெரியாத காலத்தில், தாய்மார் எரித்த கடிதங்களுக்கும் கிணற்றடியில் புதைத்த படங்களுக்கும் கணக்கில்லை. அப்படிப்பட்ட நாட்களில் ஒரு கோப்பைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அந்த அம்மா. கறையானிடமிருந்தும் மழையிலிருந்தும் அதைக் காத்ததும் அவர்தான். ஊர்ச் சங்கமோ கட்சியோ நூலகமோ அந்த முப்பது வருடத்தில் ஒருநாளும் வந்து கேட்கவில்லை. இப்போது கூரை ஒழுகுகிறது, மருந்து வாங்கவேண்டும் என்று அவர் கோப்பைத் திறந்தால், “இது இனத்தின் சொத்து” என்று சொல்லிக்கொண்டு பத்துப்பேர் வருவது நியாயமாகாது. இனத்தின் சொத்தென்றால் காவற்கூலியும் இனம் கொடுக்கவேண்டியது.

ஆனால் அவர் பக்கத்து நியாயம் அவ்வளவு வலிதாக இருந்தும், தாள் அவருக்கு மட்டும் உரியது என்று முடித்துவிட முடியவில்லை. காரணம், இது யாழ்ப்பாணம். 1981 மே 31 இரவு வைத்த தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்கள் போயின, ஏட்டுச்சுவடிகள் போயின, தனியார் நம்பி ஒப்படைத்த சேகரங்கள் போயின. கட்சிக் காரியாலயங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பாடசாலைகளும் வைத்திருந்த பதிவேடுகள் அதன்பின் வந்த போரில் ஒன்றொன்றாய்ப் போயின. வேறு ஊரில் ஒரு எம்.பி.யின் கடிதம் வீட்டில் இருந்தால், அதன் அலுவலகப் பிரதி எங்காவது கந்தோரில் இருக்கும். இங்கே பலவேளை வீட்டில் இருப்பதே மிஞ்சிய ஒன்று. தமிழரசுக் கட்சி 1957இல் பண்டாரநாயக்காவோடு செய்த ஒப்பந்தம், 1965இல் டட்லி சேனநாயக்காவோடு செய்த ஒப்பந்தம், இரண்டும் கைவிடப்பட்டன என்பதைப் பாடப்புத்தகத்தில் படிக்கலாம். அந்த ஆண்டுகளில் ஒரு கிராமத்துச் சனம் தங்கள் எம்.பி.யிடம் என்ன கேட்டது, அவர் என்ன பதில் எழுதினார், தீர்வு கிடைக்குமென்று நம்பினார்களா என்பதை அந்தத் துருப்பிடித்த குண்டூசி பிடித்துவைத்திருக்கும் இரண்டு தாள்களில்தான் படிக்கமுடியும். ஒன்று மறைந்தால் அந்த ஊரின் அந்த ஆண்டே மறைகிறது.

ஆகவே பொருளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். தாள் வீட்டுக்காரருடையது. தாளில் உள்ள செய்தி ஊருடையதும்கூட. சட்டமும் ஓரளவு இப்படித்தான் பார்க்கிறது: கடிதத்தைப் பெற்றவருக்குத் தாள் சொந்தம், எழுதியவருக்குச் சொற்கள் சொந்தம். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி அந்தச் சொல்லுரிமை எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டும் நிற்கும். 1977இல் காலமான செல்வநாயகத்தின் எழுத்துக்கு அது 2047 வரை ஓடும். தாளை வாங்கியவர் அதைச் சட்டகமிட்டுச் சுவரில் மாட்டலாம். அச்சிட்டு விற்க அவருக்கு உரிமை கிடைத்துவிடாது. சட்டத்துக்கு எழுதியவர், பெற்றவர் என்று இரண்டு பேரைத்தான் தெரியும். மனுவில் கையொப்பமிட்ட ஊரார் சட்டத்தின் கண்ணில் இல்லை. அறத்தின் கண்ணில் மூன்றாவது பங்காளி அவர்கள்தான்.

அந்தப் பங்கைக் கொடுக்க விற்பனையைத் தடுக்கத் தேவையில்லை. காந்தியின் எழுத்துகளைத் தொகுக்கும் வேலை 1956இல் தொடங்கியபோது, உலகமெங்கும் அவர் கடிதம் வைத்திருந்தவர்களிடம் கேட்டது பெரும்பாலும் பிரதியைத்தான். கடிதத்தைப் படம்பிடித்துக்கொண்டு மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். நூறு தொகுதிகள் வந்தன. அந்தக் கடிதங்களில் சில பிறகு ஏலத்துக்குப் போயின, சில அடையாளம் தெரியாத கைகளுக்குப் போயின. ஆனால் அவற்றின் சொல் போகவில்லை. எந்த நூலகத்திலும் இருந்து படிக்கலாம். யாழ்ப்பாணத்திலும் இது புதிய வழியல்ல. குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் தனியொருவராகப் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் சேர்த்து நுண்படச் சுருளில் ஏற்றியவர். அவருக்கு வாய்த்த வசதியை நினைத்தால் அது அசுர உழைப்பு. 2005இல் தொடங்கிய “நூலகம்” என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் மின்வருடி எவரும் காசின்றிப் படிக்க வைத்திருக்கிறது. இரண்டு தாளை மின்வருட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் விற்பவரும் வாங்குபவரும் தவறு செய்கிறார்கள். அதிலும் வாங்குபவரின் தவறே பெரிது. அவருக்கு அந்தத் தாளின் அருமை தெரியும்.

பிரதி இருந்தால் போதுமா, மூலம் எங்கே போனாலும் பரவாயில்லையா? அப்படியும் இல்லை. இதற்கு யாழ்ப்பாணத்தின் சொந்த வழக்கத்திலேயே ஒரு விடை இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமை, காணி விற்க நினைப்பவர் தன் விருப்பப்படி அந்நியருக்கு விற்றுவிட அனுமதிக்கவில்லை. உரித்தாளருக்கும் கூட்டுப் பங்காளிக்கும், அடமானம் பிடித்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவிக்கவேண்டும். அவர்கள் அதே விலைக்கு வாங்க வந்தால் அவர்களுக்கே கொடுக்கவேண்டும். விற்பனை நோக்கம் தேவாலயத்தில் மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசிக்கப்படவும் வேண்டியிருந்தது. 1947இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்து இந்த முன்னுரிமையை ஒழுங்குபடுத்தியது. விற்பவரின் விலை குறையவில்லை. அவர் கையைக் கட்டவில்லை. தொடர்புடையவருக்கு ஒரு தவணை மட்டும் கொடுத்தது. ஊர்க் காகிதத்துக்கும் இந்த நியாயம் அப்படியே பொருந்தும். கொழும்புக்காரர் ஒரு விலை சொன்னால், அதே விலைக்கு வாங்க ஊரிலோ பல்கலைக்கழகத்திலோ எவராவது வருவார்களா என்று மூன்று கிழமை பொறுத்துப் பார்ப்பது. வராவிட்டால் அவருக்கே விற்பது. இதைச் சட்டமாக்கவேண்டியதில்லை. விற்பவர் சொல்ல, வாங்குபவர் பொறுக்க, ஊர் பதில் சொல்ல ஒரு வழக்கம் வந்தால் போதும்.

நாட்டின் சட்டத்திடம் அதிகம் எதிர்பார்க்கமுடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டதையே தொல்பொருளாகக் கொள்கிறது. இருபதாம் நூற்றாண்டுத் தலைவர் ஒருவரின் கடிதம் அதன் வரையறைக்குள் வராது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் 75 ஆண்டு பழமையான வரலாற்றுக் கையெழுத்துப் பிரதியைக்கூடத் தொல்பொருளாகக் கொண்டு, தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதைத் தடுக்கிறது. ஆனால் ஏற்கனவே வெளியே இருப்பதற்கு அதனாலும் ஒன்றும் செய்ய இயலாது. 2009இல் காந்தியின் கண்ணாடியும் செருப்பும் கடிகாரமும் நியூயோர்க்கில் ஏலத்துக்கு வந்தபோது இந்திய அரசு எதிர்ப்புத் தெரிவித்தது, நீதிமன்றத் தடை வாங்கியது; கடைசியில் 18 லட்சம் டொலர் கொடுத்து வாங்கியவர் ஒரு மதுபான அதிபர். 2012இல் காந்தியின் நண்பர் கலன்பாக்கின் கடிதச் சேகரம் லண்டனில் ஏலத்துக்கு வரவிருந்தபோது அரசு பாடம் படித்திருந்தது: ஏலத்துக்கு முன்பே சுமார் 7 லட்சம் பவுண் கொடுத்து முழுவதையும் வாங்கித் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்த்தது. கோபித்துக்கொண்டு நின்றபோது கிடைக்காதது, விலை கொடுத்தபோது கிடைத்தது. அதைவிட முக்கியம், சேகரம் சிதறாமல் கிடைத்தது.

சிதறுவதுதான் இந்த வணிகத்தின் உண்மையான கேடு. ஒரு கோப்பாக விற்றால் ஒரு விலை. தாள் தாளாகப் பிரித்து விற்றால் பல மடங்கு. அதனால் கோப்புகள் பிரிக்கப்படுகின்றன. கடிதத்திலிருந்து ஒப்பத்தை மட்டும் கத்தரித்து எடுத்து அட்டையில் ஒட்டி விற்பது பழைய சேகரிப்பாளர்களின் வழக்கமாகவே இருந்தது. அப்படிக் கத்தரித்த துண்டுகள் இன்றும் ஏலப் பட்டியல்களில் வருகின்றன. 2020இல் ஹொங்கொங்கில் ஒரு வீட்டிலிருந்து மா சே துங் தன் கையால் எழுதிய 2.8 மீற்றர் நீளச் சுருள் ஒன்று திருட்டுப் போனது. அதை 500 ஹொங்கொங் டொலருக்கு வாங்கியவர், நீளம் அதிகமாயிருக்கிறது என்று நடுவால் வெட்டி இரண்டாக்கினார். பொலிஸ் மீட்டபோது இரண்டு துண்டாகத்தான் மீட்டது. அந்த மனிதர் அறியாமல் செய்தார். எம்.பி.யின் நாலு வரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அதோடு குத்தியிருக்கும் மனுவை மேசையில் விட்டுப்போகும் வணிகர் தெரிந்தே செய்கிறார். குண்டூசியைக் கழற்றும் அந்த ஒரு கணத்தில், “தங்கள் கடிதம் கிடைத்தது” என்று தொடங்கும் பதில் எந்தக் கடிதத்துக்கு என்பது என்றென்றைக்கும் தெரியாமல் போகிறது. காகிதத்தைப் பொறுத்தவரை மன்னிக்கமுடியாத குற்றம் ஒன்றே என்றால் இதுதான்.

கொடுங்கோலர்களின் கையெழுத்தை வாங்கலாமா என்ற கேள்வியும் உண்டு. பொல் பொட்டின் செருப்பைக்கூட ஏலம்விட முயன்றவர் கம்போடியாவில் இருந்தார். செருப்பு போகட்டும். அதே கம்போடியாவில் துவோல் ஸ்லெங் சிறையின் பொறுப்பாளர் டொய்ச், வாக்குமூலத் தாள்களின் ஓரத்திலும் கொல்லப்படவேண்டியோர் பட்டியல்களிலும் தன் கையால் குறிப்பெழுதி வைத்திருந்தான். சிறைக் கட்டடத்தில் கிடந்த அந்தக் காகிதங்களை அள்ளிக் காத்தவர்கள் இருந்ததால், 2010இல் தீர்ப்பு எழுதப்பட்டபோது அவன் கையெழுத்தே அவனுக்கு எதிரான சாட்சியாயிற்று. அந்தத் தாள்கள் தாளுக்கு இவ்வளவு என்று விலைபோய் உலகத்தின் வரவேற்பறைகளில் தொங்கியிருந்தால்? ஒப்பம் எவ்வளவு கொடியவருடையதோ அவ்வளவுக்கு அந்தத் தாள் சேகரிப்பாளரின் இடத்தில் இருக்கக்கூடாது. ஈழத்திலும் இது தொலைவான கவலையன்று. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கைகளில் இருக்கும் முறைப்பாட்டுப் பிரதிகள், அதிகாரிகள் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டுகள், அரசியல்வாதிகளின் பதில் கடிதங்கள், இவற்றுக்கு என்றாவது சந்தையில் விலை வரும். வரும்போது எந்த விலைக்கும் வாங்கக்கூடாத வகை இது.

வாங்குபவரின் கடமைகள் இத்தோடு முடியவில்லை. முதலாவது, விலையில் நேர்மை. 2020இல் பிரிஸ்டல் நகரில் ஓர் ஏலக்காரரின் தபால்பெட்டியில் யாரோ ஒரு கடித உறையைச் செருகிவிட்டுப் போனார். உள்ளே காந்தியுடையது என்று ஒரு கண்ணாடி. உபயோகமில்லாவிட்டால் எறிந்துவிடுங்கள் என்பதுதான் உரிமையாளரின் பேச்சு. ஏலக்காரர் ஆயிரம் பவுண் கொடுத்து வாங்கியிருந்தால் உரிமையாளர் மகிழ்ந்திருப்பார், எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யாமல் அதன் மதிப்பைச் சொன்னார். ஏலத்தில் 2,60,000 பவுண் வந்தது. விற்பவருக்குத் தெரியாததைத் தனக்குத் தெரியும் என்பதை வாங்குபவர் இலாபமாக்கலாமா என்ற கேள்விக்கு அந்த ஏலக்காரர் சொன்ன விடை அதுவே. அச்சுவேலியிலும் அதுதான் விடை.

இரண்டாவது, தாள் எந்த வழியாக வந்தது என்ற விசாரணை. 1995க்குப் பின் வலிகாமத்தில் வெறும் வீடுகளிலிருந்து எடுக்கப்பட்டது கதவும் ஓடும் மட்டுமில்லை. ஒரு பெட்டிக் காகிதம் எவரும் சொந்தம் சொல்லாமல் சந்தைக்கு வந்தால், சொந்தக்காரர் கனடாவில் உயிரோடு இருக்கலாம். தாளிலேயே அவர் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். அதைப் பார்த்தும் தேடாமல் வாங்குவது களவுப் பொருளுக்குக் கை நீட்டுவதற்குச் சமம்.

மூன்றாவது, போலி. விலை ஏறும் இடத்தில் போலி வராமல் இருக்காது. 61ஆம் ஆண்டு முத்திரை எளிய அச்சு. இன்று எந்த அச்சகமும் அதைப்போல ஒன்றை அடித்துவிடும். கையெழுத்திலும் பொறி உண்டு. செல்வநாயகம் பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயால் வருந்தியவர். அந்த நோய் எழுத்தைச் சிறுக்கவைக்கும், நடுங்கவைக்கும். பார்த்துப் பார்த்து மெல்ல எழுதும் போலிக்காரரின் கையும் நடுங்கும். நடுக்கத்தை வைத்து நோயா மோசடியா என்று சாதாரணக் கண்ணால் பிரிப்பது கடினம். கோட்டின் தொடக்கமும் முடிவும் கூர்ந்து கரைகிறதா மொட்டையாய் நிற்கிறதா, இடையில் பேனை தூக்கப்பட்டதா, அழுத்தம் ஒரே சீராக இருக்கிறதா என்று பெருக்குகண்ணாடியில் பார்ப்பவர்களே சொல்லமுடியும். போலி ஒன்று விலைபோனால் வாங்கியவரின் காசு போவதோடு நிற்காது. தலைவர் எழுதாத சொல் வரலாற்றில் ஏறிவிடும். துரோகி, தியாகி என்ற பேச்சு இன்னும் ஆறாத இந்த மண்ணில் ஒரு போலிக் கடிதம் ஒருவரின் குடும்பத்தையே நாறடிக்கப் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஊர் மனுவைப் பற்றி. தனியொருவரின் மனு இதைவிடச் சங்கடமானது. எம்.பி.மாருக்கு வந்த கடிதங்களில் கிணறும் ஒழுங்கையும் குறைவு. வேலைக்குச் சிபாரிசு, இடமாற்றம், புருஷன் விட்டுப்போன மகளுக்கு உதவி, சிறையிலிருக்கும் பையனுக்காக ஒரு சொல், சாதியின் பெயரால் தேநீர்க்கடையிலோ கோயிலிலோ பட்ட அவமானம். எழுதியவர் தன் வாழ்க்கையில் மிகத் தாழ்ந்திருந்த நாளில் எழுதியது அது. அவருடைய பேத்தி இன்று அதே ஊரில் ஆசிரியையாக இருக்கலாம். அந்தக் கடிதத்தைத் தலைவரின் பதிலோடு சேர்த்து ஏலப் பட்டியலில் போடுவது, அவருடைய அந்த நாளை விற்பது. அதற்காக எரித்துவிடவும் கூடாது. அந்த அவமானங்களே இந்தச் சமூகத்தின் உண்மை வரலாறு. அவற்றை அழித்தால் இழைத்தவர்கள்தான் தப்புவார்கள். பெயரை மறைத்துப் பிரதி எடுப்பது, மூலத்தை ஒரு தலைமுறைக்கு மூடிவைப்பது, குடும்பத்தைத் தேடிக் கேட்பது ஆகியவைதான் செய்யக்கூடியவை. விற்பனை அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே மட்டும் அந்த அம்மாவின் தேவைகூட இரண்டாவதாகத்தான் நிற்கிறது.

மூடிவைப்பதற்கும் எல்லை வேண்டும். டில்லியில் நேரு நினைவு நூலகத்துக்குக் குடும்பம் கொடுத்திருந்த நேருவின் கடிதங்களில் 51 பெட்டிகளை 2008இல் குடும்பமே திரும்ப எடுத்துக்கொண்டது. ஜெயப்பிரகாஷ் நாராயணுக்கும் ஐன்ஸ்டைனுக்கும் எட்வினா மவுண்ட்பேட்டனுக்கும் உரிய கடிதங்கள் அதற்குள். 2024இல் அந்த நூலகத்தின் பக்கத்திலிருந்து அவற்றைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் போனது. விற்பவரை மட்டும் குற்றம் சொல்வோர் இதையும் பார்க்கவேண்டும். ஒரு தாளும் விற்காமலே பொதுமக்களின் கண்ணிலிருந்து ஒரு சேகரத்தை எடுத்துவிடலாம். ஏழை வீட்டில் கூரைக்காக விற்பதைவிட, வசதியுள்ள குடும்பம் பெருமைக்காகப் பூட்டிவைப்பது வரலாற்றுக்குக் கூடுதல் தீங்கு செய்யலாம்.

ஊரிலே வைக்கவேண்டும், நூலகத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பவர்களிடம் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டால் விடை சொல்லக் கடினம். 1981இல் எரிந்தது எல்லோரும் நம்பிக் கொடுத்த இடம்தானே? வீட்டில் வைத்திருந்தவர்களில் பெரும்பாலானோருடையது அந்த இரவில் எரியவில்லை. இந்த அச்சம் வீணல்ல. தனியார் கைகளில் காகிதம் பரந்து கிடப்பதே ஒருவகைக் காப்பு என்ற வாதத்தை இந்த மண்ணில் எளிதாகத் தள்ளமுடியாது. லண்டனில் ஒரு சேகரிப்பாளர், கண்டியில் ஒருவர், அச்சுவேலியில் ஒருவர் என்று மூலங்கள் பல கூரைகளின் கீழே இருப்பதும், அவற்றின் பிரதிகள் ஓரிடத்திலும் அதன் மறுபிரதி கடல் கடந்தும் இருப்பதும், எல்லாவற்றையும் ஒரு கட்டடத்தில் குவிப்பதைவிடப் பத்திரமானது. அப்படிப் பார்த்தால் சேகரிப்பாளர் எதிரியல்லர். காவற்காரராக இருக்க முடிந்தவர். பிரதி கொடுக்கிறாரா, கோப்பைப் பிரிக்காமல் வைத்திருக்கிறாரா, படிக்க வருபவருக்குக் கதவு திறக்கிறாரா என்ற மூன்றும்தான் அவர் காவற்காரரா வெறும் வியாபாரியா என்று காட்டும்.

செய்யவேண்டியவற்றில் முதலாவது ஒரு பதிவேடு. எந்த ஊரில் என்ன காகிதம், யாருடையது, எந்த ஆண்டு, மின்வருடப்பட்டதா இல்லையா என்ற விபரம். வைத்திருப்பவர் விரும்பாவிட்டால் அவர் பெயரை வெளியிடவேண்டியதில்லை. இரண்டாவது ஒரு சிறு நிதி. அச்சுவேலிப் பாடசாலைகளின் பழைய மாணவர் லண்டனிலும் கனடாவிலும் கூடி மண்டபத்துக்கும் மதிலுக்கும் திருவிழாவுக்கும் கொடுக்கும் தொகைக்குப் பக்கத்தில் இது ஒன்றுமேயில்லை. யாராவது ஒருவர் கோப்பை விற்க நினைத்தால், வணிகர் சொல்லும் விலையை மூன்று கிழமைக்குள் கொடுக்க அந்த நிதியால் முடியவேண்டும். முடியாவிட்டால் அவர் விற்றதைப் பற்றி ஊரில் எவரும் வாய்திறக்கக் கூடாது.